அய்யாவோடதுங்க

எங்கள் பக்கத்தில் யாரும் யாரிடமும் முகத்துக்கு நேராக 'முடியாது' என்று சொல்ல மாட்டார்கள். 'பார்க்கலாங்க' என்பார்கள். பெண் கேட்டு வந்தவர்களுக்குப் பெண் கொடுக்க மனமில்லை என்றாலும் பார்க்கலாங்க; கல்யாணத்துக்குப் போக இஷ்டமில்லை என்றாலும் பார்க்கலாங்க. கேட்டவருக்கும் விஷயம் புரிந்துவிடும். கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு, முகம் கோணாமல் எழுந்து, 'அப்ப வர்றேங்க' என்று படியிறங்கிப் போவார். வெளி மாவட்டத்திலிருந்து மாற்றலாகி வந்த ஒரு சர்வேயர் இந்த வார்த்தையை நம்பி, ஒரு வீட்டை வாடகைக்குப் பிடிக்க ஆறு மாதம் அலைந்தார். போகும்போதெல்லாம் வீட்டுக்காரர் சிரித்த முகத்தோடு பார்க்கலாங்க என்றிருக்கிறார். கடைசியில் நான்தான் பரிதாபப்பட்டு, 'சார், அவர் முதல் நாளே இல்லைன்னு சொல்லிட்டாரு' என்று விளக்கினேன். அந்த மனிதர் என்மேல் கோபித்துக்கொண்டார்.

இப்படிப்பட்ட விஷயங்களைத் தெரிந்து வைத்திருந்ததே என் பிழைப்பு. கடைசிப் படியில் கிளார்க்காக நுழைந்து தாசில்தாராக வெளியே வந்தவன் நான். ஒருவரோடும் சண்டை போட்டதில்லை. ஒரு மெமோ வாங்கியதில்லை. புதிதாக வேலைக்கு வந்த பிள்ளைகள் இன்றைக்கும் வீடு தேடி வந்து, 'எப்படி சார் எல்லாரையும் அனுசரிச்சு மேல வந்தீங்க?' என்று கேட்கிறார்கள். சர்வேயர் கதையைச் சொல்லிச் சிரிக்க வைத்து அனுப்பிவிடுவேன். இப்போது எழுதப்போவதை அவர்களிடம் சொன்னதில்லை.

என் அப்பா மீன் வியாபாரி. தரங்கம்பாடிக்குப் பக்கத்துக் கடற்கரையில் விடிகாலையில் மீன் எடுத்து, சைக்கிள் கேரியரில் கூடையைக் கட்டிக்கொண்டு, வயல் சூழ்ந்த உள்ளூர்களுக்குப் போய் விற்பார். முப்பது வருடம் அந்த ஊர்களுக்குப் போய் வந்தார். ஒருவருக்கும் அவர் பெயர் தெரியாது. 'ஏ மீனு, இங்க வா' என்பார்கள். பால் பல் விழாத குழந்தைகூட அப்படித்தான் கூப்பிடும். அப்பாவுக்கு அது உறைத்ததாகத் தெரியவில்லை. சிரித்துக்கொண்டே தராசைத் தூக்குவார். எனக்கு உறைத்தது, நன்றாகவே உறைத்தது. ஒரு வார்த்தையின் முடிவில் ஒட்டிக்கொண்டு வரும் அந்தச் சின்ன 'ங்க'வுக்காக நான் பசியோடு வளர்ந்தேன் என்று சொன்னால் மிகையில்லை. வா என்பது வாங்க ஆகவேண்டும், சொல்லு என்பது சொல்லுங்க ஆகவேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

பரீட்சை எழுதித் தாலுகா ஆபீசில் வேலை கிடைத்ததும், மரியாதையை ஒரு தொழிலைப்போலக் கற்றுக்கொண்டேன். அதிகாரி டிபன் டப்பாவைத் திறந்திருக்கும்போது ஃபைலை நீட்டக்கூடாது. 'கூப்பிட்டீங்களா' என்று கேட்பதைவிட 'வரச் சொன்னீங்களாம்' என்று கேட்டால் அவருக்கு ஒரு பிடி உயரம் கூடும். பெரிய வீட்டில் உட்காரச் சொன்னால் உடனே உட்காரக்கூடாது. முதல் தடவை சொல்வது உபசாரத்துக்கு. இரண்டாவது தடவை சொன்னால் நாற்காலியின் விளிம்பில் உட்காரலாம். ஒருவர் பொய் சொல்கிறார் என்று தெரிந்தால், 'அப்படிங்களா' என்று கேட்டுவிட்டுத் தலையைக் குனிந்து எழுதிக்கொண்டிருக்கவேண்டும். இதையெல்லாம் யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. அவமானப்பட்டவனுக்கு இதெல்லாம் தானாகக் கண்ணில் படும்.

ஆட்சி மாறி நான்கைந்து வருடங்கள் ஆகியிருந்த சமயம் அது. ஆபீஸ் சுவரில் படங்கள் மாறியிருந்தன. மனு கொடுக்க வருகிறவர்களுக்குக் குரல் கொஞ்சம் உயர்ந்திருந்தது. கிராமங்களில் சிவப்புக் கொடி ஒரு பக்கம், கரைவேட்டி ஒரு பக்கம், மிராசுதார்கள் ஒரு பக்கம் என்று நின்றார்கள். அறுவடைக்குப் போலீஸ் காவல் போட்ட ஊர்களும் உண்டு. அப்போதுதான் குத்தகைதாரர்களைப் பதிவு செய்யும் சட்டம் வந்தது. விஷயம் எளிமையானது. குத்தகைக்கு உழுகிறவன் பெயர் பதிவேட்டில் ஏறிவிட்டால் அவனை நிலத்திலிருந்து லேசில் இறக்க முடியாது. ஏறவில்லை என்றால் அடுத்த போகத்துக்கே அவனை வெளியே அனுப்பலாம். ஆனால் எவனிடமும் எழுத்து கிடையாது. அளந்த நெல்லுக்கு ரசீது கேட்கிற வழக்கமும் கிடையாது. அதனால் ஊர் ஊராகப் போய் விசாரணை வைத்தார்கள். வாயால் சொல்வதுதான் சாட்சி. அதிகாரி கேட்பார், குத்தகைதாரர் சொல்வார், கிளார்க் எழுதுவான்.

அந்தக் கிளார்க் நான். எனக்கு நல்ல கையெழுத்து.

அந்த ஊர் ஆற்றங்கரையில் இருந்தது. அங்கே விசாரணைக்கு வந்தது ஒரே மனுதான். ஒன்பது மா நிலம், நம் கணக்குக்கு மூன்று ஏக்கர். அப்பன் காலத்திலிருந்து அதில் குத்தகைக்கு உழுதுவந்த ஒரு மனிதர் மனு கொடுத்திருந்தார். நிலத்துக்குச் சொந்தக்காரர், ஊரில் எல்லோரும் அய்யா என்று அழைக்கும் மிராசுதார், அது தன்னுடைய சொந்தச் சாகுபடி என்றும், இவர் வெறும் கூலிக்கு வேலை பார்க்கிறவர் என்றும் பதில் கொடுத்திருந்தார். ஆளுக்கு ஒரு காகிதம்.

காலையில் ஜீப் நேராக மிராசுதார் வீட்டு வாசலில் போய் நின்றது. அதிகாரி உள்ளே போனார். அவர் வேறு மாவட்டத்துக்காரர். எங்கள் பேச்சு அவருக்குப் பாதிதான் புரியும். நான் ஃபைல் கட்டோடு வெளியே நின்றேன். அந்த வீட்டை எனக்கு முன்பே தெரியும். அப்பா சைக்கிளை நிறுத்துகிற வீடுகளில் அதுவும் ஒன்று. வாசலில் அல்ல, கொல்லைப்புறத்தில். அங்கேயிருந்து ஒரு அம்மாள் பாத்திரத்தைத் தள்ளிவைப்பார். அப்பா எட்ட நின்று அதில் மீனைப் போடுவார்.

மிராசுதாரே வாசலுக்கு வந்தார். வெள்ளை வேட்டி, மெலிந்த உடம்பு, மிருதுவான குரல். 'என்ன தம்பி, வெளியில நின்னுட்டீங்க? உள்ள வாங்க' என்றார். நான் தயங்கினேன். 'அட வாங்க, உக்காருங்க' என்றார் மறுபடியும். கூடத்தில் அதிகாரிக்குப் போட்ட அதே மாதிரி நாற்காலி எனக்கும். அவருக்குக் கொடுத்த அதே மாதிரி வெள்ளி டம்ளரில் எனக்கும் காப்பி. எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன். 'கடற்கரைக் காத்து. நல்ல ஊருங்க' என்றார். நான் யார் மகன் என்று அவருக்குத் தெரிந்திருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. காப்பி கசப்பா இனிப்பா என்பதும் நினைவில்லை. 'உக்காருங்க' என்றதுதான் நினைவிருக்கிறது.

விசாரணை பள்ளிக்கூடத்தில். விடுமுறை நாள். வாத்தியார் நாற்காலியில் அதிகாரி, பக்கத்து நாற்காலியில் மிராசுதார், பையன்கள் உட்காரும் பெஞ்சில் முழங்கால் இடிக்க நான். ஜன்னலுக்கு வெளியே மனுதாரரின் மனைவி நின்றுகொண்டிருந்தார். கறுத்து உயர்ந்த பெண்பிள்ளை, நடவு வேலையில் முறுகிய கை. உள்ளே வரும்முன் புருஷனை வேப்பமரத்தடியில் நிறுத்தி, என்ன சொல்லவேண்டும் என்று ஒப்பிக்கவைத்துக்கொண்டிருந்தார். நான் அந்தப் பக்கமாகப் போகும்போது என் காதில் விழுந்தது. 'நான் குத்தகைக்குச் செய்றேன், வருஷா வருஷம் நெல்லு அளக்குறேன். இவ்வளவுதான். வேற ஒரு வார்த்தை பேசாதீங்க.' அவரும் இரண்டு தடவை ஒழுங்காகச் சொல்லிக் காட்டினார்.

தலையாரி பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் அவர் உள்ளே வந்து நின்றார். வாயைத் திறப்பதற்குள் மிராசுதார் திரும்பிப் பார்த்து, அதே மிருதுவான குரலில், 'வாங்க. பயப்படாம சொல்லுங்க' என்றார்.

வாங்க. சொல்லுங்க. அந்த மனிதருக்கு அப்போது நாற்பது வயதிருக்கும். நாற்பது வருடத்தில் அந்த வாயிலிருந்து அவருக்கு வந்ததெல்லாம் டா தான். அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். சந்தோஷமா, கூச்சமா, பயமா என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஒரு மணி நேரத்துக்கு முன்னால் வெள்ளி டம்ளருக்கு முன்னால் உட்கார்ந்திருந்த என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கவேண்டும். ஒப்பித்ததெல்லாம் அவருக்கு மறந்துபோயிற்று.

'நிலத்தை யார் சாகுபடி செய்றது?' என்று அதிகாரி கேட்டார்.

'அய்யாவோடதுங்க' என்றார் அவர். 'அய்யா தயவுல நான் ஏதோ செஞ்சுகிட்டு இருக்கேங்க.'

ஜன்னலிலிருந்து, 'அய்யோ, என்னங்க சொல்றீங்க!' என்று குரல் வந்தது. தலையாரி போய் அந்த அம்மாளை விரட்டினார்.

அதிகாரி என்னைப் பார்த்து, 'எழுதுங்க' என்றார்.

இங்கே ஒன்றை விளக்கவேண்டும். எங்கள் பக்கத்தில் பயிர் வைப்பதை 'நிலம் செய்றது' என்றுதான் சொல்வார்கள். 'அவன் பத்து மா செய்றான்' என்றால் பத்து மா சாகுபடி பண்ணுகிறான் என்று அர்த்தம். ஆகவே அந்த மனிதர் சொன்னது என்ன? நிலம் அய்யாவுடையது, அதை யாரும் மறுக்கவில்லை. அதை நான் செய்கிறேன். அதுதான் கேள்விக்குப் பதில். 'தயவுல', 'ஏதோ' என்பதெல்லாம் எதிரே பெரிய மனிதர் உட்கார்ந்திருப்பதால் போட்ட மரியாதை. பேரன் பேத்தி எடுத்தவர் புது வீடு கட்டினால்கூட 'ஏதோ உங்க ஆசீர்வாதத்துல' என்றுதான் சொல்வார். அதற்காக வீட்டை நம் பெயருக்கு எழுதிக்கொள்ள முடியுமா? இது அந்த அதிகாரிக்குத் தெரியாது. அந்த அறையில் இருந்த மற்ற எல்லோருக்கும் தெரியும். எனக்கு நன்றாகத் தெரியும்.

அவர் சொன்ன வார்த்தையை அப்படியே எழுதியிருக்கலாம். அல்லது, 'சார், விதை யாருது, மாடு யாருதுன்னு கேட்டுடலாங்களா?' என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். பேனாவைப் பிடித்துக்கொண்டு மிராசுதாரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கெஞ்சவுமில்லை, மிரட்டவுமில்லை. நான் ஆபீஸ் தமிழில் எழுதினேன்: 'மேற்படி நிலம் நிலச் சொந்தக்காரரின் சொந்தச் சாகுபடியில் உள்ளது. மனுதாரர் அவருடைய தயவில் அந்நிலத்தில் வேலை செய்து வருகிறார்.' எழுதியதை வேகமாகப் படித்துக் காட்டினேன். 'சரிதானே?' என்று கேட்டேன். நான் படித்து முடிப்பதற்குள்ளேயே, 'சரிங்க, சரிங்க' என்று சொல்லி அவர் பெருவிரலை நீட்டினார்.

மனு தள்ளுபடியாயிற்று.

எனக்கு யாரும் எதுவும் கொடுக்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. அதையும் சொல்லிவிடவேண்டும். மிராசுதார் ஒருநாள் ஆபீசுக்கு வந்தபோது எங்கள் தாசில்தாரிடம், 'அந்தத் தம்பிக்கு நல்ல கைங்க. நல்ல மரியாதை தெரிஞ்ச பிள்ளை' என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அடுத்த மாதம் எல்லோரும் ஆசைப்பட்ட சீட் ஒன்று காலியானபோது அது எனக்கு வந்தது. அங்கிருந்துதான் நான் மேலே போனேன்.

அந்தச் சீட்டில் உட்கார்ந்த ஒரு வாரத்துக்குள் மனுதாரரின் மனைவி வந்தார். கையில் வாக்குமூலத்தின் நகல். விவசாயச் சங்கத்துக்காரர் யாரிடமோ படிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார். மேஜைக்கு எதிரே நின்று, நகலை என் முன்னால் வைத்து, ஒரு வரியில் விரலை வைத்தார். படிக்கத் தெரியாதவர், எந்த வரி என்று அடையாளம் கேட்டு வைத்திருந்தார்.

'சொந்தச் சாகுபடின்னு ஒரு வார்த்தை இதுல இருக்காம். அந்த வார்த்தை என் வீட்டுக்காரருக்குத் தெரியவே தெரியாது. அது நீ எழுதுன வார்த்தை.'

ஆபீஸ் முழுக்க வேலையை நிறுத்திப் பார்த்தது. வேலைக்குச் சேர்ந்த பிறகு என்னை நீ என்று அழைத்த முதல் ஆள் அவர்தான்.

'அவரு சொன்னதைத்தாங்க எழுதினேன்' என்றேன்.

'நான் ஜன்னல்ல நின்னேன். செஞ்சுகிட்டு இருக்கேன்னு சொன்னாரு. செய்றதுன்னா என்னன்னு உனக்குத் தெரியாதா? நீயும் இந்தப் பக்கத்து ஆளுதானே.'

அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. மேல் அதிகாரியிடம் அப்பீல் போட்டிருப்பதாகச் சொன்னார். 'ஒண்ணு பண்ணு. அவரு வாயால சொன்னது என்ன வார்த்தையோ, அதை மட்டும் அங்க வந்து சொல்லு. எங்களுக்காக ஒண்ணும் கூட்டிச் சொல்ல வேணாம். தப்பு உன் பேருலன்னு சொல்லவும் வேணாம். அந்த வார்த்தையை மட்டும் சொல்லு. அது போதும். இல்லைன்னா இந்தக் குறுவைக்கு நாங்க வயல்ல இறங்க முடியாது.'

நியாயமாகத்தான் கேட்டார். இதைவிடக் குறைவாக ஒருவரால் கேட்க முடியாது. சொல்லியிருந்தால் எனக்கு என்ன ஆகியிருக்கும்? ஒரு விளக்கம் கேட்டிருப்பார்கள். சீட் போயிருக்கும். அந்தக் கூடத்தில் இன்னொரு தடவை உட்காரச் சொல்ல மாட்டார்கள். அவ்வளவுதான். எனக்கு அதுவே பெரிதாக இருந்தது. எழுந்து நின்று, மிகவும் பணிவாக, 'பார்க்கலாங்க' என்றேன்.

அவர் என் முகத்தை ஒரு தடவை பார்த்தார். பிறகு நகலை நாலாக மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு போய்விட்டார். 'அப்ப வர்றேன்' என்றுகூடச் சொல்லவில்லை. பக்கத்துச் சீட்காரர், 'என்ன சார், மரியாதை தெரியாத பொம்பளையா இருக்கு' என்றார். நான் ஆமாம் என்பதுபோலத் தலையை ஆட்டினேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசுகிறது.

அப்பீலும் தள்ளுபடியானது. அந்தக் குறுவைக்கு வேறு ஆட்கள் இறங்கி உழுதார்கள். அந்தக் குடும்பம் ஊரைவிட்டுத் தெற்கே எங்கோ போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். எனக்கு அதன்பிறகு ஏறுமுகம்தான். எல்லோரும் வாங்க என்றார்கள், உட்காருங்க என்றார்கள். அப்பா கடைசிக் காலத்தில் என் குவார்ட்டர்ஸில் வந்து இருந்தார். ஆபீஸ் பியூன் அவரை 'அய்யா, வாங்க' என்று கூப்பிட்டால், தன்னைத்தான் கூப்பிடுகிறான் என்று தெரியாமல் திரும்பிப் பார்ப்பார்.

பதினேழு பதினெட்டு வருடம் கழித்துத் தாசில்தாராகப் பட்டுக்கோட்டைப் பக்கம் போனேன். தென்னந்தோப்புகளுக்கு நடுவே வாய்க்கால் புறம்போக்கில் குடிசை போட்டிருந்தவர்களுக்கு மனைப்பட்டா கொடுப்பதற்காக இடம் பார்க்கப் போயிருந்தோம். தேங்காய்க் களம் ஒன்றின் முன்னால் ஜீப்பை நிறுத்தினோம். கடப்பாரையில் குத்தித் தேங்காய் உரித்துக்கொண்டிருந்த ஒரு நரைத்த மனிதர் என்னைப் பார்த்ததும் வேலையை நிறுத்திவிட்டு ஓடிவந்தார்.

'வாங்க, வாங்க. நம்ம தாலுகா ஆபீசு தம்பிங்களா? அடையாளம் தெரியுதுங்களா?' என்றார்.

அவர்தான். துளிகூட வன்மம் இல்லாத முகம். அல்லது மரியாதை தெரிந்த முகம். எது என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஊர்க்காரரைப் பார்த்ததுபோல் சந்தோஷப்பட்டு, இளநீர் சீவிக் கொடுத்தார். மிராசுதார் சௌக்கியமா என்று விசாரித்தார். அவர் காலமாகிவிட்டார் என்றேன். 'அடடா' என்று உண்மையாகவே வருத்தப்பட்டார். நான் பேச்சை எடுப்பதற்குள் அவரே, 'நீங்க என்னங்க பண்ணுவீங்க, நான் சொன்னதைத்தானே எழுதுனீங்க' என்றார். பாதி குடித்த இளநீரைக் கீழே வைத்தேன்.

அவருக்குப் பின்னால் மட்டைகளைக் குவித்துக்கொண்டு அவர் மனைவி உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கவில்லை. என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டுக் கைவேலையைத் தொடர்ந்தார்.

அவர்கள் குடிசையும் அதே புறம்போக்கில்தான் இருந்தது. நான் அந்த அம்மாளின் பக்கம் போய் நின்றேன். வாழ்க்கையில் அவ்வளவு ஆசையாக ஒரு காரியத்தைச் செய்ய நினைத்ததில்லை.

'இந்த இடத்துக்கு உங்க பேருலயே பட்டா போட்டுத் தர்றேம்மா. எல்லாத்தையும் நானே எழுதிடுறேன். நாளைக்கு ஆபீசுக்கு வந்து ஒரு ரேகை வச்சாப் போதும். அன்னிக்கு நான்...' என்றேன்.

அவர் புருஷன் மனைவி முகத்தையே பார்த்தார். அந்த அம்மாள் கையிலிருந்த மட்டையைக் குவியலில் போட்டார். சேலையில் ஒட்டியிருந்த நாரைத் தட்டிவிட்டு எழுந்து நின்றார். குரலில் கோபமே இல்லை. ஒரு பெரிய மனிதரிடம் எப்படிப் பேசவேண்டுமோ அப்படி, நிதானமாக, மரியாதையாகச் சொன்னார்:

'பார்க்கலாங்க.'

மறுநாள் காலை பத்து மணிக்கு விண்ணப்பத்தாளை எடுத்து, விவரமெல்லாம் என் கையாலேயே எழுதி, ரேகை வைக்கும் இடத்தை மட்டும் காலியாக விட்டு, மேஜைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஸ்டாம்ப் பேடையும் பக்கத்தில் திறந்து வைத்திருந்தேன். அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் ஆபீஸ் கதவைச் சாத்தும்வரை வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.